இரண்டு பென்ஷனும் வரும்!

கணவர் இறந்துவிட்டார். மனைவி மில்லில் வேலை செய்கிறார். கணவர் பெயரில் வருகிற பென்ஷனை அவர் வாங்கலாமா? வாங்கினால், நாளை அவருக்கு வயதான பிறகு, அவருடைய சொந்தப் பென்ஷன் நின்றுவிடுமா?

வெள்ளகோவில் பக்கத்தில் இந்தக் கேள்வி பல வீடுகளுக்கு உரியது. காரணம் எளிது. இங்கே ஒரே வீட்டில் இருவர் வேலைக்குப் போகிறார்கள். கணவர் நூல் மில்லில் ரிங் பிரேமில் நிற்பார். மனைவி கோன் சுற்றுவார். அல்லது கணவர் தறி ஓட்டுவார். மனைவி பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வருவார். மாலையில் இருவர் சம்பளமும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் நடக்கும்.

இருவர் உழைக்கும் வீட்டில் ஒருவர் திடீரென்று போய்விட்டால், வருமானத்தில் பாதி போய்விடுகிறது. அந்த நேரத்தில் உறவினர் வந்து ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

"ஏனுங்க அக்கா, புருஷன் பென்ஷனை வாங்குனா உங்க பென்ஷன் வராதாமுங்க. யோசிச்சுச் செய்யுங்க" என்று ஒருவர் சொல்வார்.

"பி.எப். பணத்தை மொத்தமா வாங்கிக் கடனைக் கட்டிடு. பென்ஷனுக்கு யார் அலையறது?" என்பார் இன்னொருவர்.

இரண்டும் தவறான யோசனைகள். இரண்டு பென்ஷனும் வரும். ஒன்றை வாங்குவதால் மற்றொன்று நிற்காது; குறையவும் குறையாது.

ஏன் இரண்டும் வருகிறது?

ஒரு வீட்டில் இரண்டு எருமைகள் இருக்கின்றன. ஒன்றின் பாலைக் கறந்தால் மற்றதன் மடி வற்றிப் போகுமா? போகாது. இதுவும் அப்படித்தான்.

கணவர் உழைத்தார். அவர் கணக்கில் பணம் கட்டப்பட்டது. மனைவி உழைத்தார். அவர் கணக்கிலும் பணம் கட்டப்பட்டது. கணக்குகள் இரண்டு. சந்தாக்கள் இரண்டு. ஆகவே உரிமைகளும் இரண்டு.

மனைவி தம் கணக்கின் மூலம் வாங்குவது, அவருடைய வேலைக்கு உரிய பென்ஷன். கணவரின் கணக்கின் மூலம் வாங்குவது, குடும்பத்துக்கு உரிய விதவைப் பென்ஷன். விதவைப் பென்ஷன் வாங்குகிற பெண், தொடர்ந்து மில்லில் வேலை செய்யலாம். அவர் கணக்கில் சந்தா ஏறிக்கொண்டே இருக்கும். 58 வயதானதும் தம் பென்ஷனையும் கேட்டு வாங்கலாம்.

இதைத் தெரியாமல் ஒன்றை விட்டுவிடுகிறவர், உயிர் உள்ளவரை மாதாமாதம் நஷ்டப்படுகிறார்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் தொழிலாளர் சேமநல நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. அதைத்தான் மக்கள் பி.எப். என்கிறார்கள். முதலில் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை 6 தொழில்கள். அவற்றில் துணித் தொழிலும் ஒன்று. ஆகவே மில் தொழிலாளிக்கும் பி.எப்.புக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல.

1971-ல் குடும்பப் பென்ஷன் திட்டம் வந்தது. தொழிலாளி இறந்தால் அவர் குடும்பத்துக்கு உதவுவது அதன் நோக்கம். பிறகு 1995 நவம்பர் 16-ல் இப்போதுள்ள தொழிலாளர் பென்ஷன் திட்டம் தொடங்கியது. தொழிலாளிக்கும் பென்ஷன், அவருக்குப் பிறகு குடும்பத்துக்கும் பென்ஷன் என்று அதில் ஏற்பாடு செய்யப்பட்டது.

தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். அது முழுவதும் அவருடைய பி.எப். கணக்குக்குப் போகிறது. முதலாளியும் 12 சதவீதம் கட்டுகிறார். அதில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. மீதி 3.67 சதவீதம் பி.எப். கணக்கில் சேருகிறது. மத்திய அரசும் பென்ஷன் நிதிக்கு 1.16 சதவீதம் போடுகிறது.

இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது. அது 12,000 ரூபாய் என்றால், மாதம் ஏறக்குறைய 1,000 ரூபாய் அவர் பெயரில் பென்ஷனுக்குப் போகிறது. பென்ஷன் கணக்குக்கு 15,000 ரூபாய் வரை உள்ள சம்பளத்தையே எடுத்துக் கொள்கிறார்கள். இந்த வரம்பு 2014 செப்டம்பரில் வந்தது.

ஆகவே பென்ஷன் யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் தர்மம் அல்ல. உழைத்த காலத்தில் கட்டிய பணத்துக்கு உரிய பலன்.

சொந்தப் பென்ஷன் எவ்வளவு?

சொந்தப் பென்ஷனுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 10 ஆண்டு சேவை இருக்க வேண்டும். 58 வயது நிறைய வேண்டும்.

கணக்கு மிக எளியது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை எடுக்க வேண்டும். அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். வருவதை 70-ஆல் வகுக்க வேண்டும்.

ஒரு பெண்ணின் சராசரிச் சம்பளம் 10,500 ரூபாய் என்று வைத்துக் கொள்ளலாம். சேவை 12 ஆண்டு. 10,500-ஐ 12-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,800 வரும். அவருடைய பென்ஷன் மாதம் 1,800 ரூபாய்.

இருபது ஆண்டும் அதற்கு மேலும் சேவை செய்து 58 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு, இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் பென்ஷனும் குறையும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும். "கையில் கூடக் கிடைத்தால் போதும், பி.எப். வேண்டாம்" என்று சொல்லும் தொழிலாளி, தம் முதுமைச் சோற்றில் மட்டும் அல்ல, மனைவி மக்களின் சோற்றிலும் கை வைக்கிறார்.

கணவர் இறந்தால் என்ன கிடைக்கும்?

இதில் இரண்டு வகை உண்டு. வேலையில் இருக்கும்போது இறப்பது ஒரு வகை. பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு இறப்பது இன்னொரு வகை.

வேலையில் இருக்கும்போது இறந்தால் 10 ஆண்டு சேவை தேவை இல்லை. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. "அவர் சேர்ந்து ஆறு மாதம்தானே ஆயிற்று, என்ன கிடைக்கப் போகிறது?" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? இறந்த அன்றே அவர் ஓய்வு பெற்றதாக வைத்துக் கணக்குப் போட்டால் வரும் முழுப் பென்ஷன் ஒன்று. சம்பளத்துக்கு ஏற்ப அட்டவணையில் குறித்துள்ள தொகை மற்றொன்று. குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய் மூன்றாவது. இந்த மூன்றில் எது அதிகமோ அது மனைவிக்கு உரியது.

உதாரணமாக, 12,000 ரூபாய் சராசரிச் சம்பளம், 14 ஆண்டு சேவை. கணக்குப்படி 2,400 ரூபாய் வருகிறது. இப்படிப்பட்டவர் வேலையில் இருக்கும்போதே இறந்தால், மனைவிக்கு மாதம் 2,400 ரூபாய்க்குக் குறையாது.

பிள்ளைகளுக்குத் தனியாக உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் விதவைப் பென்ஷனில் கால் பங்கு. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். 25 வயது வரை கிடைக்கும். மேலே சொன்ன குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 600 ரூபாய். தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 3,600 ரூபாய். மூத்த பிள்ளைக்கு 25 வயது ஆனதும், மூன்றாவது பிள்ளை இருந்தால் அந்த இடம் அதற்குப் போகும்.

இனி இரண்டாவது வகை. அதே மனிதர் ஓய்வு பெற்று, 2,400 ரூபாய் பென்ஷன் வாங்கி வருகிறார். பிறகு இறக்கிறார். அப்போது மனைவிக்குப் பாதி. அதாவது 1,200 ரூபாய். பாதி 1,000 ரூபாய்க்குக் குறைந்தாலும், குறைந்தபட்சம் 1,000 ரூபாய் கொடுக்க வேண்டும்.

விதவைப் பென்ஷனுக்கு வயது நிபந்தனை இல்லை. மனைவிக்கு 25 வயதானாலும் கிடைக்கும். கணவர் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து கணக்கு. மனு கொடுக்கத் தாமதமானாலும் அந்த நாளிலிருந்து பாக்கியைக் கேட்கலாம்.

மறுமணம் செய்துகொண்டால் விதவைப் பென்ஷன் நிற்கும். அப்போது பிள்ளைகளுக்கு அனாதைப் பென்ஷன் முறையில் கூடுதல் தொகை, அதாவது விதவைப் பென்ஷனில் முக்கால் பங்கு, கிடைக்கும். மறுமணத்தால் அந்தப் பெண்ணின் சொந்தப் பென்ஷனுக்கு ஒரு குறையும் வராது. அது அவர் உழைத்துச் சேர்த்தது.

இரண்டையும் கூட்டினால்…

மேலே இரண்டு கணக்குகள் பார்த்தாயிற்று. மனைவியின் சொந்தப் பென்ஷன் 1,800 ரூபாய். ஓய்வு பெற்ற கணவர் இறந்த பிறகு வருவது 1,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 3,000 ரூபாய்.

இது பெரிய தொகை அல்ல. ஆனால் மருந்துக்கும் மளிகைக்கும் மகனிடமோ மருமகளிடமோ கை நீட்டாமல் இருக்க, ஒரு தாய்க்கு இது துணை. இதில் ஒன்றைத் தவறவிட்டால், 3,000 என்பது 1,800 ஆகிவிடும். இல்லையென்றால் 1,200 ஆகிவிடும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் 1935-ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 1939-ல் விதவைகளும் பிள்ளைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே ஒரு பெண்ணுக்குச் சொந்தப் பென்ஷனும் கணவர் வழிப் பென்ஷனும் இருந்தால், இரண்டையும் முழுதாகக் கூட்டித் தரமாட்டார்கள். எது பெரிதோ அந்த அளவுதான் கிடைக்கும். ஆகவே அங்கே பலர் ஒன்றை முதலில் வாங்கிக்கொண்டு, மற்றதை வளரவிட்டு, பிறகு மாறிக்கொள்கிறார்கள்.

வெள்ளகோவில் மில் தொழிலாளிக்கு அந்தச் சங்கடம் இல்லை. இங்கே இரண்டும் உண்டு. தொகை சிறியது, உரிமை பெரியது.

ஆனால் அமெரிக்கரிடமிருந்து ஒரு புத்தியை எடுத்துக் கொள்ளலாம். இந்தத் திட்டத்தில் வேலையை விட்டவர் 50 வயதிலிருந்தே சொந்தப் பென்ஷனைக் கேட்கலாம். ஆனால் 58-க்கு முன் வாங்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 1,800 ரூபாய் பென்ஷனை ஓர் ஆண்டு முன்னால் கேட்டால் 1,728 ரூபாய்தான். மூன்று ஆண்டு முன்னால் கேட்டால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு போய்விடும். அந்த வெட்டு ஆயுள் முழுவதும் தொடரும்.

58-ல் வாங்காமல் பொறுத்திருந்தால், 60 வயது வரை ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். ஓர் ஆண்டு பொறுத்தால் 1,800 ரூபாய் 1,872 ரூபாய் ஆகும்.

விதவைப் பென்ஷன் கையில் வருகிற பெண், கூடுமானால் சொந்தப் பென்ஷனை அவசரப்பட்டு வெட்டோடு வாங்காமல் இருப்பது நல்லது.

மனைவி இறந்தால்?

விதவைப் பென்ஷன் என்று பெயர் இருப்பதால், ஆண்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. பி.எப். உள்ள மனைவி இறந்தால், கணவருக்கும் அதே பென்ஷன் உண்டு. கணக்கும் ஒன்றே. பிள்ளைகளுக்கும் கால் பங்கு உண்டு. கணவர் தம் சொந்தப் பென்ஷனையும் பிறகு வாங்கலாம்.

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ஏராளம். செக்கிங், ஓவர்லாக், கைமடித்தல் என்று ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அப்படிப்பட்ட மனைவியை இழந்தவர், "பெண்சாதி பணம் நமக்கு எதற்கு?" என்று வீம்பு பேசக்கூடாது. அது அவருக்கு மட்டும் அல்ல, தாயை இழந்த பிள்ளைகளுக்கும் உரிய பணம்.

பத்து ஆண்டைத் தின்னும் பழக்கம்

இவ்வளவு உரிமை இருந்தும் பலருக்குக் கைக்கு வராமல் போவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது அடிக்கடி மில் மாறுவது அல்ல. மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தை எடுத்துவிடுவது.

ஒரு மில்லில் நான்கு ஆண்டு. அதை விட்டதும் "10-சி படிவம்" எழுதிப் பென்ஷன் நிதியை வாங்கிவிடுகிறார்கள். அடுத்த கம்பெனியில் மூன்று ஆண்டு. மறுபடியும் அதே படிவம். பிறகு இன்னொரு மில்லில் ஐந்து ஆண்டு. உழைத்தது 12 ஆண்டு. கணக்கில் மிஞ்சியது ஐந்து ஆண்டு. பத்து ஆண்டு நிறையவில்லை. சொந்தப் பென்ஷன் இல்லை.

எடுத்த பணம் என்ன ஆயிற்று? பெரும்பாலும் ஒரு விசேஷத்துக்கோ வட்டிக்கடனுக்கோ போயிருக்கும்.

இதற்கு மாற்று உண்டு. புது மில்லில் சேரும்போது பழைய கணக்கைப் புதுக் கணக்கோடு சேர்த்துவிட வேண்டும். தொழிலாளிக்கு ஒரே நிரந்தர எண் என்ற முறை 2014-ல் வந்தபின் இது எளிது. எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றே. வேலையை விட்டுச் சில காலம் வீட்டில் இருப்பவர், பணத்தை எடுப்பதற்குப் பதிலாக "ஸ்கீம் சர்டிபிகேட்" வாங்கி வைக்கலாம். பழைய சேவை அதில் பத்திரமாக இருக்கும். மறுபடி வேலையில் சேரும்போது புதுச் சேவையோடு கூட்டப்படும்.

கல்யாணத்துக்கு முன் மில்லுக்குப் போய், கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மறுபடி வேலைக்கு வரும் பெண்களுக்கு இது மிகவும் தேவை. முன்னே ஐந்து ஆண்டு, பின்னே ஆறு ஆண்டு என்றால் மொத்தம் 11 ஆண்டு. பென்ஷன் உறுதி. முன்னதை எடுத்துச் செலவழித்திருந்தால், பின்னதும் பயன்படாது.

பத்து ஆண்டு முடித்து வேலையை விட்டவர், பென்ஷன் வயது வருமுன் இறந்தாலும் குடும்பத்துக்கு உரிமை உண்டு. பழைய கணக்கு என்று தூக்கி எறியக்கூடாது.

ஒரு எழுத்துப் பிழை

மற்றொரு தொல்லை, பெயர். ஆதார் அட்டையில் ஒரு பெயர். பி.எப். கணக்கில் ஒரு பெயர். பாங்கிப் புத்தகத்தில் வேறு ஒரு பெயர். பிறந்த தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. உழைப்பவர் உயிரோடு இருக்கும்போது திருத்துவது எளிது. அவர் போன பிறகு, அழுதுகொண்டு நிற்கும் மனைவி அதைத் திருத்த அலைய வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் மில்லில் சேர்ந்த பெண், வாரிசாகத் தாயின் பெயரைக் கொடுத்திருப்பார். கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகும் அதைப் புதுப்பித்திருக்க மாட்டார். ஆண்களும் அப்படித்தான். குடும்பத்தில் ஆள் கூடும்போதெல்லாம், கணக்கிலும் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகளோ மகனோ செல்போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பமாக உட்கார்ந்து நான்கு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்:

பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா?

கணவன், மனைவி, பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கின்றனவா?

பழைய கம்பெனிச் சேவை புதுக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா?

ஒவ்வொரு மாதமும் சந்தா ஏறுகிறதா?

மரணம் நேர்ந்தால் செய்ய வேண்டியவை

துக்கம் நடந்த வீட்டில் காகிதத்தைப் பற்றி யாரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வேலை செய்தவரும் நினைத்து உதவ வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்று வாங்க வேண்டும். பென்ஷனுக்கு "10-டி படிவம்". மனைவியும் பிள்ளைகளும் ஒரே படிவத்தில் கேட்கலாம். பிள்ளைகளின் வயதுச் சான்று, பாங்கிக் கணக்கு, ஆதார், புகைப்படம் வேண்டும். கம்பெனி மூலமாக மனுவை அனுப்புவது வழக்கம். எல்லாம் சரியாக உள்ள மனுவை 20 நாளில் தீர்க்க வேண்டும் என்பது விதி.

பி.எப். கணக்கில் உள்ள சேமிப்பு வேறு, பென்ஷன் வேறு. சேமிப்பை மொத்தமாக வாங்கினாலும் பென்ஷன் உரிமை போகாது. இன்னொன்றும் உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு, 1976-ல் வந்த இன்ஷூரன்ஸ் திட்டத்தின்படி 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். அதற்குத் தொழிலாளி ஒரு காசும் கட்டுவதில்லை. முதலாளிதான் கட்டுகிறார். ஆகவே துக்க வீட்டார் கேட்க வேண்டியவை மூன்று: சேமிப்பு, இன்ஷூரன்ஸ், பென்ஷன்.

வேலையால் நேர்ந்த விபத்தில் இறந்தவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால், அங்கேயும் சார்ந்தோர் உதவி என்று ஒன்று உண்டு. அதற்குத் தனி மனு கொடுக்க வேண்டும்.

பென்ஷன் வந்த பிறகும் ஒரு கடமை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கைரேகை வைத்தோ, செல்போனில் முகத்தைக் காட்டியோ கொடுக்கலாம். இரண்டு பென்ஷன் வாங்குகிறவர், இரண்டுக்கும் கொடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து எந்த ஊர்ப் பாங்கியிலும் இந்தப் பென்ஷனை வாங்கிக் கொள்ளலாம்.

சந்தேகம் இருந்தால் பி.எப். அதிகாரிகள் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடத்தும் குறைதீர் முகாமில் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் இல்லை. "நான் வாங்கித் தருகிறேன், பாதி கொடு" என்று வருகிற தரகரிடம் ஏமாறக்கூடாது.

சிறு தறிக்கூடத்தாருக்கு என்ன வழி?

வெள்ளகோவில் என்றால் மில் மட்டும் அல்ல. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர். பல தறிக்கூடங்களில் நான்கு பேர், ஐந்து பேர்தான் வேலை செய்வார்கள். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பி.எப். கட்டாயம். ஆகவே தறி ஓட்டுபவரும் தார் சுற்றும் பெண்ணும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

அவர்களுக்கு 2015-ல் வந்த "அடல் பென்ஷன் யோஜனா" ஒரு வழி. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர், வருமான வரி கட்டாதவர், பாங்கியிலோ தபால் ஆபீசிலோ சேரலாம். 60 வயதுக்கு மேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை பென்ஷன். 18 வயதில் சேர்ந்தால் 1,000 ரூபாய் பென்ஷனுக்கு மாதம் 42 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்ந்தால் அதற்கே 291 ரூபாய். காலம் தாழ்த்தினால் சுமை ஏறும்.

பென்ஷன் வாங்கி வந்தவர் இறந்தால், அதே தொகை பாதியாகக் குறையாமல் கணவனுக்கோ மனைவிக்கோ வரும். அவர்கள் பெயரில் சொந்தக் கணக்கு இருந்தாலும், இதுவும் சேர்ந்து வரும். இங்கும் இரண்டு பென்ஷன் உண்டு. ஆகவே கணவன் பெயரில் மட்டும் சேர்ந்தால் போதாது. மனைவி பெயரிலும் சேர வேண்டும்.

யாரும் துணை இல்லாத, வருமானம் இல்லாத விதவைகளுக்குத் தமிழ்நாடு அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 1975-லிருந்து இருக்கிறது. 2023-ல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது ஏழைக்கு அரசு தரும் உதவி. பி.எப். பென்ஷன், உழைத்தவர் சேர்த்து வைத்த உரிமை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக்கூடாது.

செய்ய வேண்டியவர்கள்

குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்து ஆண்டுக்கு மேல் அது உயரவில்லை. அந்தக் காலத்தில் அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை, இன்று என்ன விலை என்பதை வெள்ளகோவில் சந்தைக்குப் போய் வருகிற எந்தப் பெண்ணும் சொல்வார். விலை ஏறும்போது பென்ஷனும் ஏற வேண்டும். மத்திய அரசு இதைத் தள்ளிப்போடுவது நியாயம் அல்ல.

மில் முதலாளிகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பல ஆண்டு உழைத்த ஒருவர் இறந்தால், மாலை போட்டுவிட்டுத் திரும்புவதோடு கடமை முடியாது. அடுத்த வாரமே மேனேஜர் ஒருவரை அந்த வீட்டுக்கு அனுப்பலாம். படிவங்களை எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் சேர்க்கலாம். இதனால் மில்லுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சம்பளத்தை உள்ளபடி காட்டிச் சந்தாவை ஒழுங்காகக் கட்டுவதும் அவர்கள் கடமை.

தொழிற்சங்கங்களும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். போனஸ் பேச்சு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. பென்ஷன் உயிர் உள்ளவரை வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லி வைக்க வேண்டும். "என் பி.எப். எண் இது, காகிதம் இந்தப் பெட்டியில் இருக்கிறது" என்று சொல்வது அபசகுனம் அல்ல. வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறவர், திருடன் வர வேண்டும் என்று விரும்பியா போடுகிறார்?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கணவரை இழந்த பெண் அழுகிறார், ஆனால் கேட்பதில்லை. அவர் கேட்க வேண்டும். கணவரின் உழைப்புக்கு உரியதைக் கேட்க வேண்டும். தம் உழைப்புக்கு உரியதையும் கேட்க வேண்டும். இரண்டும் அவருடையவை.